பூட்டிக் கிடக்கும் நூலகம்: நான்கு யோசனைகள், ஒரே பட்ஜெட்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது. கதவின் மேல் நூலகம் என்று எழுதியது இன்னும் அழியவில்லை. உள்ளே உடைந்த மேசைகளும் பழைய விடைத்தாள் கட்டுகளும் சுவரோரமாக இரும்பு அலமாரிகளும்தான் இருக்கின்றன. கொரோனா காலத்தில் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டியிருந்ததால், வகுப்பறைகளில் மிஞ்சிய மேசைகளை இங்கே கொண்டுவந்து அடுக்கினார்கள். 2022 பிப்ரவரியில் எல்லாப் பிள்ளைகளும் தினமும் பள்ளிக்கு வரத் தொடங்கியதும் நல்ல மேசைகள் திரும்பிப் போய்விட்டன. உடைந்தவை தங்கிவிட்டன. அறைக்கும் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இந்த அறைக்கென்று ஒரு தொகை ஒதுக்கலாம் என்று ஆட்சிக்குழுவில் பேச்சு வந்திருக்கிறது. தொகை பெரியதல்ல. நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன, பணம் ஒன்றுக்குத்தான் போதும். பெற்றோர் பிரதிநிதியாக அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து என் முடிவைச் சொல்லவே இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வேறு தமிழ்ப் பெற்றோர்களுக்கும் இதே கேள்வி வந்திருக்கும், இல்லையென்றால் வரும்.

முடிவு நம் கையில் இருப்பது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1996-இல் வந்த தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஓர் ஆட்சிக்குழு உண்டு. வாக்குரிமை உள்ள மற்ற உறுப்பினர்கள் எத்தனை பேரோ, அதைவிட ஒருவராவது கூடுதலாகப் பெற்றோர் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில் மாணவர் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். பட்ஜெட்டை முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மையினர் கை தூக்கினால்தான் அது நிறைவேறும். ஆகவே கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டு குறை சொல்வதில் பயன் இல்லை. சட்டத்தின் 20-ஆம் பிரிவு இன்னும் இரண்டு அனுமதிகளைத் தருகிறது. அரசு தரும் பணியிடங்களுக்கு மேல் ஆட்களை நாமே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பள்ளிக் கட்டடத்தைச் சமூகத் தேவைகளுக்குத் தரவும் செய்யலாம். இந்த இரண்டும் பின்னால் தேவைப்படும்.

கல்வித்துறையே நூலகரை அனுப்பாதா என்று கேட்பீர்கள். நூலகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 2012-இல் தேசிய வழிகாட்டி வந்தது. 2013-இல் வந்த கட்டட விதிகளிலும் நூலகம் இடம்பெற்றது. 'ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஒரு நூலகர்' என்று ஈக்குவல் எஜுகேஷன் இயக்கத்துப் பிள்ளைகள் ஊர்வலம் போனதும் ஒரு காரணம். ஆனால் ஆசிரியர் இடங்களை மாணவர் தலையை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் நூலகருக்கென்று கட்டாயமான தனி இடம் கிடையாது. என் கணவர் இதே பள்ளியில் படித்தவர். அவர் காலத்தில் நூலகத்துக்கென்றே ஓர் ஆசிரியை இருந்தார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த இடமும் அவரோடு போய்விட்டது.

முதல் யோசனை வகுப்பறைப் பெட்டிகள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சக்கரப் பெட்டி, அதில் ஐம்பது அறுபது புத்தகம். செலவு குறைவு, அறையே வேண்டாம். ஆரம்பப் பள்ளிக்கு இது அருமையான வழி. நாலாம் வகுப்புக் குழந்தை காலையில் வந்து ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிடும். நாடு முழுவதும் அந்த வயதுப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் படித்ததன் பொருளைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள் என்று 2021-இன் பன்னாட்டு வாசிப்பு ஆய்வு சொன்னது. அவர்கள் இருக்கும் பள்ளிகளுக்குப் பெட்டிகள் இன்றைக்கே போக வேண்டும். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள் அறை மாறுகிறார்கள். பெட்டி ஓரிடத்தில் நிற்கும், பிள்ளை வேறிடத்தில் இருக்கும். அது எந்த ஆசிரியரின் பொறுப்பு என்பதும் தெளிவாக இராது. இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது யோசனை டேப்லெட் அறை. கூட்டத்தில் அதிகமாகக் கைத்தட்டல் வாங்கியது இதுதான். "இந்தக் காலத்தில் யார் புத்தகம் படிக்கிறார்கள்?" என்று ஓர் அப்பா கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் சியாவூலா பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மெட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் பழைய வினாத்தாள்களும் கல்வித்துறையின் தளத்தில் இருக்கின்றன. வீட்டில் டேட்டா தீர்ந்துபோன பிள்ளைக்கு இவை பெரிய உதவி.

ஆனாலும் எனக்குத் தயக்கம் உண்டு. 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் இப்போது பரவாயில்லை, ஆனால் கருவிகளுக்கு அது மட்டும் போதாது. இரும்புக் கம்பிக் கதவு வேண்டும், எச்சரிக்கை மணி வேண்டும், காப்பீடு வேண்டும். அவற்றை வாங்கி முடிக்கும்போது டேப்லெட் வாங்கப் பாதிப் பணம்தான் மிஞ்சும். மூன்று நான்கு ஆண்டுகளில் பேட்டரி போய்விடும். அப்போது மறுபடியும் இதே தொகைக்கு இதே கூட்டத்தில் கை தூக்க வேண்டும். புத்தகத்துக்குப் பேட்டரி தேவையில்லை.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த பொருள் உள்ள அறையைப் பள்ளிகள் பயந்து பயந்துதான் திறக்கும். டேப்லெட் இருபது வைத்தால், பொறுப்பாசிரியர் கூட இருந்தால் மட்டுமே திறக்கலாம் என்று விதி வரும். ஆசிரியருக்கு வகுப்பு இருக்கும். அறை மறுபடி பூட்டப்படும், இந்த முறை இன்னும் பெரிய பூட்டோடு.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு சிறு கணினியில் இறக்கி வைத்துவிட்டால், இணையமே இல்லாமல் பக்கத்தில் இருக்கும் போன்களிலும் மடிக்கணினிகளிலும் அதைப் படிக்கலாம். பாடநூல்களையும் வினாத்தாள்களையும் அதே கணினியில் போட்டு வைக்கலாம். இருபது டேப்லெட் செய்யும் வேலையில் முக்கால்வாசியை இது செய்துவிடும். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும்தான்.

மூன்றாவது யோசனையைச் சொன்னவர் பொருளாளர். "நகராட்சி நூலகம் இருக்கும்போது நமக்கு எதற்கு இன்னொன்று?" என்றார். இது என் மனதுக்கு நெருக்கமான யோசனை. நான் தமிழ்நாட்டில் வளர்ந்தவள். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஓட்டை விழுந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் என் பத்தாம் வகுப்பு விடுமுறை கழிந்தது. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலித்து நடத்திய நூலகம் அது. பொது நூலகம் ஒருவரை எப்படி ஆளாக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கேயும் டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகராட்சியின் நூலகங்கள் நன்றாகவே நடக்கின்றன. அங்கே பயிற்சி பெற்ற நூலகர்கள் இருக்கிறார்கள், புதுப் புத்தகங்களும் வருகின்றன.

இடையில் நிற்பது தூரமும் நேரமும்தான். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் சாட்ஸ்வொர்த்துக்காரர்கள் அல்ல. உம்லாசியில் இருந்தும் வெல்பெடாக்டில் இருந்தும் டாக்ஸி என்று இங்கே சொல்கிற, பலர் சேர்ந்து போகும் சிற்றுந்தில் வருகிறார்கள். பள்ளி விட்டு மேடு ஏறி நூலகம் போய், படித்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பெண் பிள்ளையை அப்படிப் போய் வா என்று நான் சொல்ல மாட்டேன். உறுப்பினராவதற்கு முகவரிச் சான்றும் கேட்பார்கள். தகரக் கொட்டகைகள் நிறைந்த குடியிருப்பில் இருந்து வரும் பிள்ளைக்கு மின்கட்டண ரசீது எங்கிருந்து வரும்?

நான்காவது யோசனை, அறையைச் சுத்தம் செய்து திறந்து, ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது. இதற்கு எதிராகச் சொல்லப்படுவது சரியான வாதம். சம்பளம் ஒரு முறை கொடுத்து முடிகிற செலவு அல்ல, ஆண்டுதோறும் வரும். எங்களுடையது கட்டணப் பள்ளி, ஆனால் கட்ட முடியாத பெற்றோருக்குச் சட்டப்படி விலக்கு உண்டு. எதிர்பார்த்த தொகை முழுதாக வந்த ஆண்டே இல்லை. 2020 டிசம்பரில் அரசு தொடங்கிய இளைஞர் வேலைத்திட்டத்தில் எங்களுக்கும் உதவியாளர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் சில மாத ஒப்பந்தம்தான். பழகி முடிப்பதற்குள் போய்விட்டார்கள்.

இருந்தும் என் கை இந்த நான்காவதுக்குத்தான் உயரும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மகளைக் கூட்டிவர நான் மூன்று மணிவாக்கில் போவேன். அவளும் அவள் தோழியும் அந்தப் பூட்டிய அறைக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். தோழி உம்லாசிப் பெண், வீட்டில் ஜூலு பேசுபவள். இருவருக்கும் வரலாற்றுப் பாடத்தில் குடும்ப வரலாறு பற்றிய வேலை கொடுத்திருந்தார்கள். 1860-இல் மதராஸில் இருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துக் கப்பல் பதிவேட்டில் எழுதினார்கள். என் கணவர் வீட்டில் அப்படி ஓர் எண்ணின் நகல் இருக்கிறது. மகள் அதைக் கொண்டுபோய்த் தோழியிடம் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போய், இரண்டு பேருடைய பாட்டிகளும் சிறு வயதில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்தவர்கள் என்று தெரிய வந்தது.

கேட்டோ மேனரில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள். 1949 கலவரத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டதும் அங்கேதான். பிறகு, இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. ஆப்பிரிக்கர்களை குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மாமியார், கேட்டோ மேனரில் இருந்த அந்தப் பாட்டி, சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு, "அந்தப் பெண்ணை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாம்மா" என்றார். இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடையே மறுபடி கசப்பை உண்டாக்கிய 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டிருக்கவில்லை.

இரண்டு பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தது இது. முதுகுக்குப் பின்னால் மேசையும் நாற்காலியும் நிறைந்த அறை பூட்டிக் கிடந்தது. எனக்கு அன்றைக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரமே முதல்வரிடம் அனுமதி வாங்கி, காலியாக இருந்த வகுப்பறை ஒன்றில் திங்கள் முதல் வியாழன் வரை இரண்டரை மணியில் இருந்து நாலரை மணி வரை உட்கார்ந்தேன். மூன்று வாரம். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் பக்கத்து வகுப்பில் இருந்து நாற்காலி எடுக்க வேண்டியிருந்தது. என்ன கேட்டு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கதைப்புத்தகம் கேட்டவர்கள் குறைவு. பழைய வினாத்தாள் கேட்டார்கள், பிரிண்ட் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள், ஸ்டேப்ளர் கேட்டார்கள். மெட்ரிக் பிள்ளைகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இந்த குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மைய அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்குச் செப்டம்பர் கடைசிக்குள் முடித்துவிட வேண்டும். உதவித்தொகைக்கு வேறு படிவம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி போகப் போகிற பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது? மெட்ரிக் முன்தேர்வும் அதே மாதம்தான். கூடவே நம் வீடுகளில் புரட்டாசி விரதமும் சனிக்கிழமைப் பூசையும் சேர்ந்துகொள்ளும், வீடு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். அந்த மாதத்தில் பிள்ளைகள் உட்கார ஓர் அமைதியான மேசை கிடைப்பது பெரிய காரியம்.

ஒன்றுமே கேட்காமல் வந்தவர்களும் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று வாரமும் வந்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படம் வரைவான், நாலரைக்குக் கிளம்பும்போது "தேங்க் யூ ஆன்ட்டி" என்பான், அவ்வளவுதான். பள்ளி விட்ட பிறகு அவன் வீட்டுத் தெருவில் என்ன விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சுகர்ஸ் என்று இங்கே சொல்கிற அந்தப் போதைப்பொருள் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று சாட்ஸ்வொர்த்தில் எல்லோருக்கும் தெரியும். அவன் கெட்டுப்போய்விடுவான் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவனுக்கு இருக்க ஓர் இடம் இருந்தது.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்படுத்தவே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. நான்கு யோசனைகளையும் இந்த இரண்டு விதிகளில் வைத்துப் பார்த்தேன். ஆள் இல்லாத அறையில் நூல் பயன்படாது. எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் பிள்ளையின் நேரம் வீணாகும், இரண்டாம் முறை அந்தப் பிள்ளை வராது.

அதனால்தான், பணம் முதலில் ஆளுக்குப் போகட்டும் என்கிறேன். நூல்கள் பிறகு வரட்டும். மாணவருக்குப் பத்து நூல், எவ்வளவு சிறிய நூலகமானாலும் 2,500 நூல் என்று 2002-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி சொன்னது. அந்தக் கணக்கில் தொடங்கினால் நாம் தொடங்கவே மாட்டோம். அலமாரியில் இருக்கும் பழைய நூல்களில் பாதியைக் கழித்துவிடலாம். சோவியத் யூனியன் இன்னும் உயிரோடு இருக்கும் அட்லஸ் எதற்கு? மிச்சத்தைத் துடைத்து அடுக்கினால் ஆரம்பத்துக்குப் போதும். மாநகராட்சி நூலகத்தோடு பேசிப் பருவத்துக்கு ஒரு முறை நூல்களை மொத்தமாக இரவல் வாங்க முயலலாம். பொருளாளரின் யோசனையில் உள்ள நல்லது இப்படி உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் மேடு ஏற வேண்டாம், பெட்டி இறங்கி வரட்டும். ஜூலு நூல்கள் கட்டாயம் வேண்டும். தமிழுக்கும் ஓர் அலமாரி கேட்பேன். போற்றி வளர்க்க வேண்டிய மொழிகள் என்று இந்நாட்டு அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு பெயர் சொல்லும் மொழிகளில் தமிழும் ஒன்று. 1903-இல் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை தொடங்கியபோது தமிழ்ப் பக்கங்களும் அச்சான ஊர் இது.

சம்பளம் ஆண்டுதோறும் வருமே என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் முழுமையானது அல்ல. முழுநேர ஆள் வேண்டாம், பதினொன்றில் இருந்து நாலரை வரை போதும். மதிய இடைவேளையும் பள்ளி விட்ட பின்னான நேரமும் அதில் அடங்கிவிடும். சனிக்கிழமை காலையில் அறையைச் சமூகத்துக்குத் திறக்கலாம், அதற்குத்தான் 20-ஆம் பிரிவு இருக்கிறது. கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்பை அங்கே மாற்றி, மண்டபத்துக்குக் கொடுக்கும் வாடகையைப் பள்ளிக்குக் கொடுக்கிறோம் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன். மற்றச் சங்கங்களும் தேவாலயக் குழுக்களும் கேட்கும். இதில் சம்பளம் முழுவதும் தேறாது, ஒரு பங்கு தேறும். மிச்சம் கட்டணத்தில் இருந்துதான் வர வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஊரில் நம்மவர்கள் கூடை பின்னியும் காய்கறி விற்றும் சேர்த்த காசைப் போட்டு, அரசிடம் மானியம் வாங்கி, பள்ளிக்கூடங்களே கட்டியிருக்கிறார்கள். ஓர் ஆளின் அரைநாள் சம்பளத்தை நம்மால் சேர்க்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

டேப்லெட் கேட்ட அப்பாவிடம் போன வாரம் பேசினேன். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், கிவிக்ஸ் வைப்பதென்றால் தனக்குச் சம்மதம் என்றார், அமைத்துக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார். பொருளாளர் இன்னும் யோசிக்கிறார். உடைந்த மேசைகளை ஏற்றிக்கொண்டு போக என் மைத்துனர் பக்கி என்று இங்கே சொல்கிற தன் சிறு சரக்கு வண்டியைத் தருகிறார். தீர்மானத்தின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: அறைக்கு இரண்டு சாவிகள், ஒன்று அலுவலகத்தில், மற்றது அங்கே உட்காரப் போகிறவரிடம்.